ஆற விடாத வண்டி

என் சித்தியின் காரில் பிரேக் பெடல் முதன்முதலாகக் கல்லாகிப்போனது ஒரு புதன்கிழமை காலை, டயாலிசிஸ் நிலையத்தின் வாசலுக்கு இறங்கும் சரிவில். வண்டியில் மூன்று நோயாளிகள் இருந்தார்கள். சித்தி வழக்கம்போலக் காலை வைத்து அழுத்தினாள். பெடல் இறங்கவில்லை. சுவரை உதைத்த மாதிரி இருந்தது என்று பிறகு சொன்னாள். வண்டி மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் போய்க்கொண்டே இருந்தது. இரண்டு கால்களையும் பெடல்மேல் ஏற்றி, ஹேண்ட் பிரேக்கையும் இழுத்து, வாசலோரம் இருந்த சிமென்ட் பூந்தொட்டியில் முட்டி நிறுத்தினாள். தொட்டி இரண்டாகப் பிளந்தது. ஆட்களுக்கு ஒரு கீறல்கூட இல்லை. பின்சீட்டில் இருந்த ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், "டிரைவரம்மா, இன்னிக்கு ரெண்டு அடி கூடுதலா வந்துட்டோம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

சித்தி என் அம்மாவின் கடைசித் தங்கை. ஐம்பத்து மூன்று வயது. ஆறு வருடமாக அந்த நிலையத்துக்கு வண்டி ஓட்டுகிறாள். வாரத்தில் மூன்று நாள், காலை ஆறு மணிக்கு மேல் மூன்று பேரை வீட்டு வாசலில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். மதியம் திரும்பக் கொண்டுவந்து விட வேண்டும். திரும்பும்போது யாருக்குக் குமட்டும், யாருக்குக் குளிரும், யாரிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது என்பதெல்லாம் அவளுக்கு அத்துபடி. சாம்பல் நிறப் பழைய பெட்ரோல் கார் அது. அவளுடைய சொந்த வண்டி. பின்சீட்டில் நடுவில் உட்காருகிறவருக்கு முதுகு வலிக்கக் கூடாது என்று அவளே ஒரு மெத்தை தைத்துப் போட்டிருந்தாள்.

அவளுக்கு வலது முட்டியில் ஒரு பழைய கோளாறு உண்டு. மூன்று வருடத்துக்கு முன்னால் குளியலறைப் படியில் வழுக்கி விழுந்தாள். நடை சரியாகிவிட்டது, மாடிப்படி ஏறும்போது மட்டும் சுவரைத் தொட்டுக்கொண்டு ஏறுவாள். அதை ஊரே பார்த்திருந்தது. அதனால்தான் நிலையத்தின் போக்குவரத்து அதிகாரி, சட்டைப்பையில் மூன்று பேனாவோடு ஓடிவந்தவர், வண்டியைப் பார்ப்பதற்கு முன்னால் அவள் காலைப் பார்த்தார்.

"முட்டி எப்படிம்மா இருக்கு?"

"முட்டிக்கு ஒண்ணும் இல்ல சார். பிரேக்தான் இறுகிப்போச்சு."

அவர் தலையாட்டினார். நம்பாதவர்கள் ஆட்டுகிற விதத்தில். அரை மணி நேரம் கழித்து, வாசலை அடைத்துக்கொண்டு நின்ற வண்டியை ஓரம் கட்டச் சொல்லி வாட்ச்மேனிடம் சாவியைக் கொடுத்தார்கள். வாட்ச்மேன் ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தினார். இறங்கி வந்து, கேட்காமலே தீர்ப்பும் சொன்னார்: "பிரேக் நல்லாத்தான் இருக்கு சார், பஞ்சு மாதிரி இறங்குது."

அதோடு பேச்சு முடிந்துபோனது. சித்தி அங்கேயே ஒன்று சொன்னாள்: காரணம் தெரிகிற வரைக்கும் யாரையும் இந்த வண்டியில் ஏற்ற மாட்டேன். அவள் அதைப் பொறுப்போடு சொன்னாள். அதிகாரி அதை ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொண்டார். கெட்ட மனிதர் இல்லை. மூன்று உயிர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை தானே கூட உட்கார்ந்து பார்ப்பதாகவும், திருப்தி இல்லை என்றால் அந்த வழி வேறு வண்டிக்குப் போய்விடும் என்றும் சொன்னார். பத்து நாள் கெடு. அதுவரை நோயாளிகளுக்கு ஒரு மாற்று வண்டி.

அப்போது நான் சித்தி வீட்டுப் பின்னறையில் இருந்தேன். நாலு வருடம் ஏழு நாடுகளில் சுற்றிவிட்டு வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. பெட்டியைப் பாதி பிரித்து மீதியை அப்படியே வைத்திருந்தேன். எனக்கு வேலை என்று ஒன்றும் இல்லாததால், சித்தி போகிற இடத்துக்கெல்லாம் ஒட்டிக்கொண்டு போனேன். முதலில் போன இடம் மெக்கானிக் ஷெட்.

அந்த மெக்கானிக்கை எல்லாரும் 'ஆறட்டும்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கும் அதில் வருத்தம் இல்லை. பத்தொன்பது வயதில், கொதித்துக்கொண்டிருந்த ரேடியேட்டரின் மூடியைத் திறந்து, இடது கை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெந்துபோனவர். அந்தத் தோல் இன்றைக்கும் மெழுகு தடவினாற்போல் பளபளக்கும். அன்றிலிருந்து சூடான எஞ்சினில் அவர் கை வைத்ததில்லை. எந்த வண்டி வந்தாலும் முதலில் பானெட்டைத் திறந்துவைத்துவிட்டு, "ஆறட்டும்" என்பார். தகரக் கூரைக்குக் கீழே எப்போதும் நாலைந்து கார்கள் வாயைப் பிளந்துகொண்டு வரிசையாக ஆறிக்கொண்டிருக்கும். வண்டிக்காரர்கள் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். அவர் தொடுவதற்கு இரண்டு மணி நேரமாவது ஆகும். வேலை சுத்தமாக இருக்கும் என்பதால் யாரும் குறை சொன்னதில்லை.

சித்தியின் வண்டியும் ஆறியது. அவர் பிரேக் பேடுகளைக் கழற்றிப் பார்த்தார், தேயவில்லை. பிரேக் ஆயிலை மாற்றினார். பிரேக் குழாயில் காற்று இருக்குமோ என்று நாலு சக்கரத்துக் குழாயிலிருந்தும் அதை வெளியேற்றினார். ஷெட் வாசலில் முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்துவிட்டு, வண்டி நன்றாகத்தான் இருக்கிறது என்றார்.

இரண்டு நாள் கழித்து சித்தி வெறும் வண்டியை ஓட்டிப் பார்க்கப் போனாள். மேம்பாலத்தில் ஏறி இறங்கித் திரும்புகிற இடத்தில் பெடல் மறுபடியும் கல்லானது. இந்த முறை தயாராக இருந்ததால் ஹேண்ட் பிரேக்கிலேயே நிறுத்திவிட்டாள். மறுபடியும் ஷெட். மறுபடியும் ஆறியது. ஆறட்டும் யோசித்து, பூஸ்டரை மாற்றிவிடலாம் என்றார். பெடலுக்கு நேர் முன்னால், பானெட்டுக்குள் தட்டுப் போல உருண்டையாக இருக்கும் சாமான் அது. காலின் பலத்தைப் பல மடங்காக்கிச் சக்கரத்துக்கு அனுப்புவது அதுதான். பழைய வண்டி ஒன்றிலிருந்து நல்லதாக ஒன்றைத் தேடி எடுத்துவந்து போட்டார். ஓட்டிப் பார்த்தோம், வெண்ணெய் மாதிரி இறங்கியது. சித்தி முகம் தெளிந்தது. திங்கட்கிழமை, அதே மேம்பாலம், அதே கல்.

மூன்றாவது முறை போனபோது ஆறட்டும் கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தார். துடைக்கத் துடைக்க அந்தத் துணியைத்தான் பார்த்தாரே தவிர, எங்களைப் பார்க்கவில்லை.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. வண்டியில என்னால பாக்க முடிஞ்சதெல்லாம் பாத்துட்டேன். ஒரு தடவ காலையும் காட்டிடுங்களேன்."

"எந்த மெக்கானிக்கிட்ட?" என்றாள் சித்தி.

அவர் சிரிக்கவில்லை. சித்தியும் சிரிக்கவில்லை.

வீட்டில் சித்தப்பாவும் அதற்குள் காலைக் குறை சொல்கிறவர்கள் கட்சிக்கு மாறியிருந்தார். அவர் கண்ணாடிக் கடை ஒன்றில் லென்ஸ் தேய்க்கிறவர். நாள் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத அளவுகளோடு புழங்குகிற மனிதர். எதையும் சத்தம் போட்டுச் சொல்ல மாட்டார். செவ்வாய்க்கிழமை காலை சித்தியின் நாற்காலியில் ஒரு வெந்நீர்ப் பை இருந்தது. துண்டு சுற்றி, முட்டிக்கு அளவாக மடித்து. சித்தி அதை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"ஆறு வருஷம் ஓட்டியாச்சு" என்றார் சித்தப்பா, தட்டைப் பார்த்துக்கொண்டு. "போதும்னு வச்சிட்டா யார் என்ன சொல்லப்போறாங்க?"

"யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க. அதுதான் பயமா இருக்கு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். சித்தி குரலை உயர்த்தாமலே சொன்னாள். "நிறுத்தணும்னா நிறுத்தறேன். ஆனா என் கால் எனக்கே பொய் சொல்லுதுன்னு ஒத்துக்கிட்டு நிறுத்தமாட்டேன். இன்னிக்கு அத நம்பிட்டேன்னா, நாளைக்கு மாடிப்படியில, நாளன்னிக்கு ரோட்டக் கடக்கறப்ப, எங்க கால வச்சாலும் சந்தேகம் வரும். அப்புறம் நான் அந்த நாற்காலியிலேயே உக்காந்திருக்க வேண்டியதுதான்."

சாப்பிட்டு முடித்ததும் சித்தப்பா வெந்நீர்ப் பையைத் தானே எடுத்து உள்ளே வைத்துவிட்டு வேலைக்குப் போனார்.

சித்தி என் பக்கம் திரும்பினாள். "சும்மாதானே இருக்க. வா."

முதலில் வீட்டு வாசலிலேயே, எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது, ஆறட்டும் செய்கிற சோதனையைச் செய்து காட்டினாள். மூன்று முறை பார்த்ததில் அவளுக்கு அது மனப்பாடம். எஞ்சின் ஓடாமல் இருக்கும்போது பெடலை ஐந்தாறு முறை அமுக்க வேண்டும். பூஸ்டரில் மிச்சம் இருக்கும் சக்தி தீர்ந்து பெடல் இறுகிவிடும். அதை அப்படியே அமுக்கிப் பிடித்துக்கொண்டு சாவியைத் திருப்ப வேண்டும். எஞ்சின் பிடித்ததும் பெடல் காலுக்குக் கீழே தானாகக் கொஞ்சம் இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது என்று அர்த்தம். இறங்கியது, கட்டைவிரல் அகலத்துக்கு. என்னையும் உட்காரவைத்து அமுக்கச் சொன்னாள். எனக்கும் இறங்கியது. உலகத்தின் பாதியை பஸ் ஜன்னல் வழியே பார்த்தவள் நான். ஒரு பெடல் காலுக்குக் கீழே மூச்சு விடுவதை அன்றுதான் முதன்முதலாக உணர்ந்தேன்.

பிறகு பூட்டிக்கிடக்கும் மரக்கிடங்குக்குப் பக்கத்து மைதானத்துக்குப் போனோம். ஆள் நடமாட்டம் இல்லாத, சரிவும் இல்லாத இடம். ஒரு கை ஹேண்ட் பிரேக்கிலேயே இருக்க, சித்தி அங்கே வட்டம் வட்டமாக ஓட்டினாள். கொஞ்சம் ஓட்டுவாள், நிறுத்துவாள், மறுபடி ஓட்டுவாள். நெரிசலில் ஓட்டுகிற மாதிரி. இருபது நிமிடம் ஒன்றும் இல்லை. முப்பது நிமிடம். எனக்குத் தலை சுற்ற ஆரம்பித்தது. முப்பத்தெட்டாவது நிமிடத்தில் சித்தி, "வந்துடுச்சு" என்றாள். ஏதோ விருந்தாளி வந்துவிட்ட மாதிரி நிதானமாக.

ஹேண்ட் பிரேக்கில் வண்டியை நிறுத்தி, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே இறங்கி என்னை உட்காரச் சொன்னாள். நான் அழுத்தினேன். கல். முதுகை சீட்டில் முட்டுக்கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினேன். அரை விரல்கூட அசையவில்லை.

"உன் முட்டிக்கு என்ன வயசு?"

"இருபத்தொன்பது சித்தி."

"அப்ப சரி, ரெண்டு பேரும் சேந்தே டாக்டர்கிட்ட போவோம்."

சொல்லிவிட்டு அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, ஒரு வாரமாக நெஞ்சில் கிடந்ததெல்லாம் அதில் வெளியே வந்தது. ஆனால் அங்கேயே நிற்கவில்லை. எஞ்சினை அணைத்து, பானெட்டைத் திறந்துவைத்து, என்னை மரத்தடியில் அரை மணி நேரம் உட்காரவைத்தாள். பிறகு மறுபடி சோதனை. பெடல் சமர்த்தாக இறங்கியது.

சித்தி ஸ்டியரிங்கை ஒரு தட்டுத் தட்டினாள். "எல்லாரும் இத ஆற வச்சுத்தான் பாத்திருக்காங்க. வாட்ச்மேன் அரை மணி நேரம் கழிச்சு. நம்ம ஆளு ரெண்டு மணி நேரம் கழிச்சு. சூட்டுல பாத்தது நான் ஒருத்திதான்."

மறுபடியும் மைதானத்தில் சுற்றிச் சூடேற்றினோம். கோளாறு வந்ததும், இரண்டு தெரு தள்ளி இருந்த ஷெட்டுக்கு, ஆள் நடக்கிற வேகத்தில், முதல் கியரிலேயே போனோம். பின்னால் வந்த சைக்கிள்காரர் மணியடித்துக்கொண்டே முந்திப் போனார்.

ஆறட்டும் எங்களைப் பார்த்ததும் வாய் திறக்கும் முன்பே கையால் சைகை காட்டினார். "நிறுத்துங்க அக்கா, ஆறட்டும்."

"ஆறக் கூடாது. நிறுத்தினா நோய் ஓடிடும்."

"நான் சூட்டுல கை வைக்கறதில்லன்னு உங்களுக்கே தெரியும்."

"கை வைக்க வேணாம் தம்பி" என்றாள் சித்தி, கதவைத் திறந்து இறங்கிக்கொண்டே. "கால வைங்க."

பக்கத்து வண்டிக்கு அடியிலிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஆறட்டும் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். அழுத்தினார். மறுபடி அழுத்தினார். எஞ்சினை அணைத்து, ஐந்து முறை அமுக்கி, பிடித்துக்கொண்டு, சாவியைத் திருப்பினார். எஞ்சின் ஓடியது. பெடல் இருந்த இடத்திலேயே இருந்தது. அவர் காலை எடுக்கவே இல்லை. கொஞ்ச நேரம் முன்கண்ணாடி வழியே தன் ஷெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபது வருடமாக ஆறவைத்த வண்டிகளையெல்லாம் மனதுக்குள் எண்ணிப்பார்த்தாரோ என்னவோ.

இறங்கியதும் ஆள் மாறிவிட்டார். நீளமான ஸ்க்ரூ டிரைவரால் தொடாமல் சுட்டிக்காட்டி எனக்கும் புரிகிற மாதிரி விளக்கினார். பூஸ்டருக்கு சுயமாகப் பலம் கிடையாது. எஞ்சின் ஓடும்போது காற்றை உறிஞ்சும். அந்த உறிஞ்சலை ஒரு ரப்பர் ஹோஸ் பூஸ்டருக்குக் கொண்டுபோகும். அதில்தான் கால் லேசாகிறது. உறிஞ்சல் வந்து சேரவில்லை என்றால் பெடலில் இருப்பது வெறும் மனுஷக் கால். எஞ்சினை அணைத்துவிட்டு, துணியைச் சுற்றிக்கொண்டு பயந்து பயந்து அந்த ஹோஸைக் கழற்றி எடுத்தார். வெளியே ஒரு வெடிப்பு இல்லை. ஒரு முனையில் வாய் வைத்து ஊதினார். மறுமுனையில் காற்று தாராளமாக வந்தது. பூஸ்டர் வாயில் இருக்கும் சின்ன வால்வையும் ஊதிப் பார்த்தார். ஒரு பக்கம் போனது, மறுபக்கம் போகவில்லை. அது அப்படித்தான் இருக்க வேண்டுமாம்.

ஹோஸ் சரி, வால்வு சரி, பூஸ்டர் போன வாரம் மாற்றியது. அப்படியானால் எஞ்சினே சூட்டில் சரியாக உறிஞ்சவில்லை. திறந்து பார்க்க வேண்டும், பத்து நாளாவது பிடிக்கும் என்றார். வெள்ளிக்கிழமைக்கு மூன்றே நாள் இருந்தது.

சித்தி அந்த ஹோஸைக் கையில் வாங்கி வளைத்து வளைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் ஒரு காலத்தில் என்ன வேலை பார்த்தாள் என்று இங்கே சொல்ல வேண்டும். வண்டி ஓட்ட வருவதற்கு முன்னால் பதினெட்டு வருடம் ஒரு பல் டாக்டரிடம் உதவியாளராக இருந்தாள். டாக்டர் பல்லைக் குடையும்போது, நோயாளியின் வாயில் ஊறும் எச்சிலை உறிஞ்சுகிற குழாயைப் பிடித்துக்கொண்டிருப்பது அவள் வேலை. 'ஊர்ப் பெரிய மனுஷங்க எச்சில் எல்லாம் என் கைவழியாத்தான் போச்சு' என்பாள். அந்தக் குழாய் ஒரு சமயம் அடிக்கடி உறிஞ்சாமல் நின்று, டாக்டர் மோட்டாரைக் குறை சொல்ல, மோட்டார்க்காரர் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று போக, கடைசியில் கண்டுபிடித்தது சித்திதான். குழாயின் உள்தோல் உரிந்திருந்தது. தண்ணீர் விட்டுக் கழுவினால் ஜோராக ஓடும். உறிஞ்சும்போது மட்டும் உள்தோல் ஒட்டிக்கொண்டு வழியை அடைத்துவிடும்.

"தம்பி" என்றாள் சித்தி. "நீங்க ஊதிப் பாத்தீங்க. வண்டி ஊதாதே, உறிஞ்சும் இல்ல?"

ஆறட்டும் அவள் கையிலிருந்த ஹோஸைப் பார்த்தார்.

"இத அப்படியே மாட்டுங்க. ஓடட்டும், சூடாகட்டும். பெடல் இறுகினதும் ஓடற எஞ்சின்லயே ரெண்டு முனையையும் கழட்டிப் பாப்போம். எஞ்சின்கிட்ட உறிஞ்சி, பூஸ்டர்கிட்ட உறிஞ்சலன்னா, நடுவுல இருக்கறதுதான் திருடன்."

"ஓடற எஞ்சின்லயா?" என்றார் ஆறட்டும்.

கால் மணி நேரம் ஓடவிட்டோம். எஞ்சினிலிருந்து அனல் அலையலையாக வந்தது. பெடல் கல்லானதும் சித்தி சட்டைக் கையை மணிக்கட்டு வரை இறக்கி, துணியைச் சுற்றிக்கொண்டு குனிந்தாள். அவள் விரல் ஹோஸைத் தொடும் முன்னால் மெழுகுத் தோல் கை ஒன்று குறுக்கே வந்தது.

"தள்ளுங்க அக்கா. இது என் வேலை."

ஷெட்டில் இருந்தவர்கள் எல்லாம் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். வேடிக்கை என்றால் அதுதான் வேடிக்கை. ஆறட்டும் முகத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, கையை மட்டும் முன்னால் நீட்டி, பூஸ்டர் பக்கத்து முனையைப் பிடுங்கினார். அதில் கட்டைவிரலை வைத்தார். பிறகு சித்தியின் விரலையும் வைக்கச் சொன்னார். ஒன்றும் இல்லை, தூங்குகிற குழந்தையின் மூச்சளவுக்குக்கூட இல்லை. அடுத்து எஞ்சின் பக்கத்து முனையைப் பிடுங்கினார். உஸ்ஸென்று ஒரு சத்தம். எஞ்சின் குலுங்கித் தடுமாறியது. அந்த வாயில் வைத்த கட்டைவிரலை அது இழுத்துப் பிடித்துக்கொண்டது. வெடுக்கென்று பிடுங்கித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

எஞ்சினை அணைத்தார்கள். ஹோஸை மேசைமேல் போட்டு, ஆறட்டும் பிளேடால் நீளவாக்கில் கிழித்தார். சூடான எஞ்சினை ஒட்டி வளைந்து போகிற இடத்தில், உள்தோல் ஒரு சாண் நீளத்துக்கு உரிந்து நாக்கு மாதிரித் தொங்கியது. குளிர்ந்திருக்கும்போது சுவரோடு ஒட்டிக் கிடக்கும். சூட்டில் இளகினால், உறிஞ்சுகிற காற்று அதை இழுத்து வழியை அடைத்துவிடும். ஊதினால் தள்ளித் திறந்துவிடும்.

அவர் அதைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே வந்தவர், முனையில் இருந்த கிளிப்பைப் பார்த்ததும் நின்றுவிட்டார். அந்த ஷெட்டின் ஓரத்தில் யாரும் உட்காராத பெஞ்சு ஒன்று உண்டு. போய் அதில் உட்கார்ந்தார்.

"இது நான் போட்டது அக்கா. ரெண்டு வருஷம் முந்தி பழைய ஹோஸ எலி கடிச்சிடுச்சுன்னு வந்தீங்க. அன்னிக்கு சரியான ஹோஸ் கைவசம் இல்ல. பெட்ரோல் போற ஹோஸ வெட்டிப் போட்டேன், அப்புறம் மாத்திக்கலாம்னு. மறந்தே போச்சு." கொஞ்சம் நிறுத்தி, "அத வச்சுக்கிட்டு உங்க கால சொன்னேன்" என்றார்.

அவளுக்குக் கோபம் வரவேண்டிய இடம் அது. எனக்கு வந்தது. நாலு மொழியில் திட்டக் கற்றுக்கொண்டு வந்திருந்தேன். எதை எடுப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். சித்தி அவர் பக்கத்தில் போய் பெஞ்சில் உட்கார்ந்து, முட்டியை நீவிவிட்டுக்கொண்டாள். நாள் முழுக்க பிரேக்கை மிதித்ததில் அது நிஜமாகவே வலித்துக்கொண்டிருந்தது. அவ்வளவு நேரம் சொல்லவில்லை.

"கால விடுங்க. அது என் கால், நான் பாத்துக்கறேன். சரியான ஹோஸ் எங்க கிடைக்கும்?"

ஆறட்டும் அப்போதே தன் இருசக்கர வண்டியை எடுத்துக்கொண்டு போனார். நாலு கடை ஏறி இறங்கி, பிரேக் பூஸ்டருக்கென்றே செய்த, தடித்த சுவருள்ள ஹோஸை வாங்கிக்கொண்டு வந்தார். சூடான இடத்தில் உரசாமல் ஒரு வளையம் வைத்து ஒதுக்கிக் கட்டினார். இரண்டு முனையிலும் புதுக் கிளிப். பிறகு சோதித்துப் பார்க்க, யாரும் கேட்காமலே, வண்டியைத் தானே ஒரு மணி நேரம் ஓட்டிச் சூடேற்றிக்கொண்டு வந்து நிறுத்தினார். "ஆறலை" என்றார், கொஞ்சம் கர்வத்தோடு. சித்தி ஏறி உட்கார்ந்து, ஐந்து முறை அமுக்கி, பிடித்து, சாவியைத் திருப்பினாள். பெடல் இறங்கியது. அணைத்துவிட்டு மறுபடி செய்தாள். இறங்கியது. மூன்றாவது முறையும் செய்தாள், ஆசைக்கு.

அதிகாரியிடம் தானே போனில் பேசுவதாக ஆறட்டும் சொன்னார். சித்தி வேண்டாம் என்றுவிட்டாள். வாயால் சொன்னது வாயோடு போய்விடும். அவருக்கும் இரண்டு கால் இருக்கிறதே என்றாள். அன்று வீட்டில் சித்தப்பா, கிழித்த ஹோஸைத் தன் பூதக்கண்ணாடி வைத்து வெகுநேரம் பார்த்தார். பார்த்துவிட்டு, "அரை மில்லிமீட்டர்கூட இருக்காது இந்தத் தோல்" என்றார். அவர் வாயிலிருந்து வந்த மன்னிப்பு அவ்வளவுதான். சித்திக்கு அது போதுமாக இருந்தது. அவருக்கு இன்னொரு கரண்டி சோறு போட்டாள்.

வெள்ளிக்கிழமை சித்தி நாலரை மணிக்கே வண்டியை எடுத்துவிட்டாள். என்னையும் எழுப்பி ஏற்றிக்கொண்டாள். ஊரைச் சுற்றி ஒரு மணி நேரம் ஓட்டினாள். மேம்பாலத்தில் நாலு முறை ஏறி இறங்கினாள். டயாலிசிஸ் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பானெட்டில் கை வைக்க முடியவில்லை. அதிகாரி முன்சீட்டில் ஏறப்போனார். சித்தி அவரை டிரைவர் சீட்டுக்கு அனுப்பினாள்.

"முதல்ல நீங்க அமுக்கிப் பாருங்க சார். என் கால நம்ப வேணாம்."

அவர் அமுக்கினார். அவள் சொன்னபடியெல்லாம் செய்தார். பெடல் இறங்கியதும் அவர் புருவம் ஏறியது. பிறகு சித்தி கிழித்த ஹோஸை அவர் மடியில் வைத்து, நடந்ததையெல்லாம் ஆதியோடந்தமாகச் சொன்னாள். அவர் தன் பேனாக்களில் ஒன்றை எடுத்து அந்தத் தோல் நாக்கைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார்.

இடம் மாறி உட்கார்ந்து சரிவில் இறங்கினார்கள். நான் பின்சீட்டில் இருந்தேன். சித்தி சரிவின் நடுவில் நிறுத்தினாள், ஒரு குலுக்கல் இல்லாமல். கீழே போய்த் திரும்பி மேலே வந்து மறுபடி இறங்கி, இந்த முறை கொஞ்சம் வேகமாக வந்து நிறுத்தினாள். மூன்றாவது முறை நோயாளிகளோடு வருகிற மாதிரி, கண்ணாடிக் குவளையில் தண்ணீர் வைத்தால் தளும்பாது என்கிற மாதிரி நிறுத்தினாள். நாலாவது முறைக்கு வண்டியைத் திருப்பியபோது அதிகாரி, "போதும்மா, நம்பிட்டேன்" என்றார்.

"நீங்க நம்பிட்டீங்க சார். வாட்ச்மேன் இன்னும் பாத்துக்கிட்டு நிக்கறார்" என்றாள் சித்தி. அவருக்காக இன்னொரு முறை இறங்கினாள். வாட்ச்மேன் விறைப்பாக நின்று ஒரு சல்யூட் வைத்தார்.

அதிகாரி கீழே இறங்கி, தாளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, திங்கட்கிழமையிலிருந்து அவள் பழையபடி வரலாம் என்றார். அதோடு, நிலையத்தின் ஆம்புலன்ஸில்கூட மதியத்தில் பெடல் கொஞ்சம் இறுகுவதாக டிரைவர் சொல்கிறார், ஒரு தடவை அதையும் பார்க்க முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"பாக்கறேன். சூட்டோட கொண்டுவரச் சொல்லுங்க." சித்தி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "ஆனா திங்கட்கிழமை எதுக்கு சார்? இன்னிக்கும் அவங்க மூணு பேருக்கும் டயாலிசிஸ்தானே? ஆறே காலுக்குத்தான் வாத்தியார் செருப்பு மாட்டுவார். இப்பக் கிளம்பினா மூணு பேரையும் நானே ஏத்திடுவேன். மாத்து வண்டிய வேணாம்னு சொல்லிடுங்க."

அவர் போனை எடுத்து மாற்று வண்டிக்காரரிடம் பேச ஆரம்பித்தார். சித்தி அந்தப் பேச்சு முடியும்வரை காத்திருக்கவில்லை. சீட் பெல்ட்டை மாட்டி, பின்பக்கக் கண்ணாடியைச் சரிசெய்தாள். கண்ணாடியில் என் முகம் தெரிந்தது.

"என்ன உக்காந்திருக்க? இறங்கு, பின்னாடி மூணு பேருக்கு இடம் வேணும்."

"முன்சீட் காலியாத்தானே சித்தி இருக்கு?"

"அதுல அவங்க பைய வைக்கணும். நடந்து போ, உனக்கு நடக்கறது புதுசா?"

நான் இறங்கிக் கதவைச் சாத்தினேன். சாம்பல் நிற வண்டி சரிவில் ஏறி, மேலே திருப்பத்தில் ஒருமுறை பிரேக் விளக்கு எரிந்து, தெருவுக்குள் மறைந்தது. மணி ஆறு மூன்று.